பற்றீரியவுண்ணி காட்டும் உயிர்நிலை

1928ஆம் ஆண்டிலே அலெக்சாந்தர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டமை பெரிதும் தற்செயலாகும். பின்னர் மண்வாழ் நுண்ணங்கிகளை ஆராய்ந்து வேறுபல நுண்ணுயிர்க்கொல்லிகளையும் அறிஞர் பெற்றனர். ஆயின் காலஞ்செல்லப் புதியன அருகின. பழையனவற்றை எதிர்த்து வாழும் ஆற்றலைப் பற்றீரியங்கள் அடைந்தன. இவ்வெதிர்ப்பாற்றலால் 2019இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் இறந்தனரென மதிப்பிடப்பட்டுளது. பற்றீரியத்தை இனி எவ்விடத்தில் தாக்குவது என்பதே வினா.

இதற்கு விடை காட்டவல்லது பற்றீரியவுண்ணி எனும் வைரசு. 1915இல் துவோட்டும் 1917இல் தெரெல்லும் இதனைத் தனித்தனியே அறிவித்தனர். பெயரளவில் உண்ணியேயன்றி, இஃது எதனையும் உண்பதில்லை. பற்றீரியக் கலத்தினுள்ளே தன் பரம்பரைப் பொருளைச் செலுத்தி, அக்கலத்தின் கருவிகளைக் கொண்டே பெருகி, ஈற்றிற் கலத்தை உடைத்து வெளியேறும். கூர்ப்பின் நெடுங்காலப் போரிலே பகைவனின் உயிர்நிலைகள் இதற்குப் பழக்கமாயின.

கியூ-பீற்றா எனும் உண்ணியை நோக்குக. அதற்குரிய புரதங்கள் நான்கே. கலச்சுவரைக் கரைக்கத் தனி நொதியமும் அதற்கில்லை. ஆயினும், சுவராக்கத்தின் முதற்படிக்குரிய பற்றீரிய நொதியத்தை அதன் புரதமொன்று தடுக்கின்றதென 2001இல் அறியப்பட்டது. வளருங் கலம் சுவர் நிரம்பாது வெடிக்கின்றது. 1969இல் அறிவிக்கப்பட்ட பொசுபோமைசின் எனும் மருந்து தடுப்பதும் அதே நொதியத்தையே. மருந்தும் உண்ணியும் ஓரிடத்தையே தேர்ந்தமை வியப்பன்றோ!

இக்கருத்தை முறையான தேடலாக்கியவர் கனடாவின் மொன்றியல் நகர ஆய்வாளர். புண்களிற் சீழ்பிடிக்கச் செய்யும் ஸ்ரபிலோகொக்கசு ஓறியசு எனும் பற்றீரியத்தைத் தாக்கும் 26 உண்ணிகளின் பரம்பரையலகுகளை அவர்கள் வாசித்தனர். அவற்றைத் தனித்தனியே பற்றீரியத்தில் இயங்கச்செய்து, வளர்ச்சியைத் தடுக்கும் 31 புதிய புரதக் குடும்பங்களைக் கண்டு, 2004இல் வெளியிட்டனர். 77ஆம் இலக்க உண்ணியின் புரதமொன்று, டி.என்.ஏ. இரட்டிப்புக்கு இன்றியமையாத பற்றீரியப் புரதமொன்றைப் பற்றிக்கொண்டது.

உண்ணியின் புரதத்தையே மருந்தாக்கல் எளிதன்று. உட்கொண்டாற் சமிபாடடையும், பற்றீரியக் கலத்துள்ளும் எளிதிற் புகாது. ஆகவே அவ்விரு புரதங்களின் பிணைப்பைக் குலைக்கும் சிறு சேர்வைகளை நாடினர். அகப்பட்டவற்றுட் சில பற்றீரிய வளர்ச்சியையும் டி.என்.ஏ. ஆக்கத்தையும் ஒருங்கே தடுத்தன. எனினும் தடுக்குஞ் சேர்வை வேறு, நோயாளிக்குத் தீங்கிழையா மருந்து வேறு. இடைப்பட்ட வழி நெடியது. உண்ணி காட்டும் இலக்கும் அசையாததன்று. கியூ-பீற்றா தாக்கும் நொதியத்திலே ஓர் அமினோவமிலம் மாறியமையால் அவ்வுண்ணிக்குத் தப்பிய பற்றீரியங்களும் உள.