மச்சில் கிடைத்த மௌசர்

சென்ற ஐப்பசியில் தேருக்கு ஊர் போயிருந்தபோது, புதிய கல்பாத்தியில் எங்கள் உறவினர் வீட்டில் பாகப்பிரிவினைக்காக மச்சை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சாங்கக் கட்டுகளுக்கும் வெண்கல உருளிக்கும் நடுவே ஒரு மர உறை. அதற்குள் ஒரு கைத்துப்பாக்கி! வீட்டுப் பெரியவரின் தகப்பனார் இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். சீமைக்குத் திரும்பிய துரை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம். கூடவே மக்கிப்போன ஒரு லைசென்ஸ் புத்தகமும் இருந்தது.

துபாயிலிருந்து வந்திருந்த பேரன் உடனே கைப்பேசியில் தேடினான். "தாத்தா, இதே மாதிரி மௌசர் அமெரிக்காவிலே பத்தாயிரம் டாலருக்கு மேலே போறது!" பெரியவருக்கோ முகம் வெளிறிவிட்டது. "போலீஸ் வந்தா என்னடா பண்றது?" என்றார்.

பெரியவர் பயந்ததில் நியாயம் இருந்தது. பேரன் பார்த்த விலை வேறொரு துப்பாக்கியினுடையது.

ஜெர்மனியின் மௌசர் கம்பெனி 1896-ல் கொண்டுவந்த கைத்துப்பாக்கி உலகப் புகழ் பெற்றது. 1898-ல் சூடான் போரில் இளம் சர்ச்சில் வைத்திருந்தது அதைத்தான். 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து புரட்சிக்காரர்கள் 50 மௌசர்களையும் 46,000 தோட்டாக்களையும் கடத்திப் போனார்கள். ஒவ்வொன்றின் எண்ணும் கம்பெனியின் கணக்கில் இருந்தது. அந்த எண்களில் ஒன்று இன்று எங்காவது தென்பட்டால், சேகரிப்பவருக்கு அது இரும்பல்ல, சரித்திரம். துப்பாக்கியின் மதிப்பில் பாதி இப்படி அதன் பூர்வீகத்தில்தான் இருக்கிறது. மீதி, பாகங்களின் எண்கள் ஒன்றோடொன்று பொருந்துவதிலும் பழைய மெருகு கலையாமல் இருப்பதிலும் இருக்கிறது. வெண்கலப் பாத்திரம் மாதிரி புளி போட்டுத் தேய்த்தால் விலை போயிற்று! (எங்கள் மாமி அதற்கும் தயாராகத்தான் இருந்தாள்.)

1930களில் இதே மௌசரில் இன்னொரு வகை வந்தது. இடப்பக்கத்தில் ஒரு சிறு விசை. அதை 'என்' என்ற எழுத்தில் வைத்தால் ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு. 'ஆர்' என்ற எழுத்துக்குத் திருப்பினால் விரலை எடுக்கும்வரை பொழியும். பேரன் பார்த்த டாலர் விலை இதற்குத்தான். அமெரிக்காவில் 1986 மே மாதத்துக்குப் பின் பதிவான தானியங்கித் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் வாங்க முடியாது. அதற்கு முன் பதிவானவை மட்டுமே கைமாறுவதால் விலை ஏறிக்கொண்டே போகிறது.

நம் நாட்டிலோ அந்தச் சிறு விசை இருந்தால் விலையே கிடையாது. 1959-ம் வருஷ ஆயுதச் சட்டப்படி, விசையை அழுத்தியிருக்கும்வரை தொடர்ந்து சுடும்படி அமைந்த எதுவும் தடைசெய்யப்பட்ட ஆயுதம். ஒற்றைச் சூட்டில் வைத்திருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. 2019 திருத்தத்துக்குப் பின், வைத்திருந்தாலே குறைந்தது 7 வருஷம், 14 வருஷம் வரையும் சிறை. சாதாரணத் துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 வருஷம். தோட்டாக்களுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சாதாரணத் துப்பாக்கிகளின் விலையையும் இங்கே சட்டமே நிர்ணயிக்கிறது. 1980களின் நடுவில் தனிநபர் இறக்குமதி நின்றதும் பழைய வெப்ளியும் கோல்ட்டும் பல மடங்கு ஏறின. 2019-ல் ஒருவருக்கு மூன்று என்றிருந்த உச்சவரம்பு இரண்டாகக் குறைந்தது. மூன்றாவதை வைத்திருந்தவர் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாமென்றால், நூறு வருஷம் கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளியே அனுப்ப 1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டம் இடம் தராது.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்கால ஆயுதங்களுக்கு 45-வது பிரிவு விலக்கு அளிக்கிறது. 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் 'கியூரியோ' வகைத் துப்பாக்கியை இந்தியக் குடிமக்கள் லைசென்ஸ் இல்லாமலே வைத்திருக்கலாம் என்று அறிவித்தது. உபயோகிக்கவோ எடுத்துச் செல்லவோ லைசென்ஸ் வேண்டும். ஆனால் நம் வீட்டுத் துப்பாக்கி அந்த வகையில் சேரும் என்று நாமே தீர்மானித்துக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது.

எங்கள் உறவினர் வீட்டில் நல்ல வேளையாக ஒரு வக்கீல் மாப்பிள்ளை இருந்தார். பேரன் அதைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்ப இருந்தான். "தெருவிலே தூக்கிண்டு போறதே தனிக் குற்றம்டா" என்று தடுத்து, எழுத்து மூலம் தகவல் கொடுத்து, போலீசாரையே வீட்டுக்கு வரவழைத்தார். 21-வது பிரிவின்படி துப்பாக்கி ஒப்படைக்கப்பட்டு ரசீதும் கிடைத்தது. இடப்பக்கம் அந்த விசை இல்லை. ஒற்றைச் சூட்டு மௌசர்தான்!

2016-ம் வருஷ விதிகள், லைசென்ஸ்தாரர் காலமானால் வாரிசு விண்ணப்பிக்க வழி வைத்திருக்கின்றன. மக்கிய லைசென்ஸ் புத்தகத்தின் நகலை இணைத்துப் பெரியவர் பாலக்காடு கலெக்டருக்கு மனுப் போட்டிருக்கிறார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.