மொட்டைமாடிக் குடிமராமத்து

புரட்டாசி பிறந்துவிட்டால் சென்னை வீடுகளில் வேலைக்குப் பஞ்சமில்லை. பரணிலிருந்து கொலுப் பெட்டி இறங்கும். ஒட்டடை அடிப்பார்கள், ஜன்னல் கம்பி துடைப்பார்கள், ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டர்கூடக் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும். இத்தனை வேலைக்கு நடுவே பெரும்பாலான வீட்டுப் பட்டியலில் ஒரு வேலை மட்டும் இருப்பதில்லை. காம்பவுண்டுச் சுவர் ஓரத்தில், பூந்தொட்டிகளுக்குப் பின்னால், சிமெண்ட் மூடி போட்டுக் கிடக்கிற மழைநீர்க் குழியைத் திறந்து பார்ப்பதுதான் அது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். நமக்கு இருப்பது இந்த ஒரு மாதம்.

போன வாரம் சமையலறைக் கழிவைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் மாடிக்கு ஏறுவோம்.

எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கித் தமிழ்நாடு அரசு 2003-இல் சட்டம் கொண்டுவந்தபோது ஊரெங்கும் இருந்த பரபரப்பு பலருக்கு நினைவிருக்கும். தெருவெல்லாம் ஜல்லிக் குவியல். பிளம்பரைப் பிடிப்பதே பெரும்பாடு. 2005-இல் மழை கொட்டித் தீர்த்தது. பல தெருக்களில் கிணற்று மட்டம் ஏறியதைச் சென்னைக்காரர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். அந்தச் சட்டத்தை நான் இன்றும் மனதாரப் பாராட்டுகிறேன். குழி வெட்டச் சொல்லும் வேலையைச் சட்டம் செய்தது. வெட்டிய குழியை ஆண்டுக்கு ஒருமுறை யார் திறப்பது என்பதை வீட்டுக்காரர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் சங்கிலி அறுந்துபோயிற்று.

பசுமை வாழ்க்கை என்று வாயெடுத்தாலே பேச்சு கடைக்குப் போய்விடுகிறது. மூங்கில் பிரஷ், துணிப்பை, சூரிய விளக்கு. வாங்கட்டும், நல்லதுதான். ஆனால் வீட்டில் ஏற்கெனவே இருப்பதை ஒழுங்காகப் பராமரிப்பதுதான் இதில் பெரிய பங்கு என்று இந்தத் தொடரை எழுத எழுத எனக்கு உறுதிப்பட்டுக்கொண்டே வருகிறது. பராமரிப்புக்கு விளம்பரம் கிடையாது. யாரும் படம் எடுத்துப் போடுவதும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். பெருக்கினால் ஏறத்தாழ 1,30,000 லிட்டர். வெயிலில் ஆவியாவது, தளம் உறிஞ்சுவது, முதல் மழையின் அழுக்கோடு வெளியே விடுவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டர் மிஞ்சும். 12,000 லிட்டர் லாரி எட்டு வந்து நின்றதற்குச் சமம். இத்தனையும் நம் தலைக்கு மேலே விழுந்து, சுவரோரமாக இறங்கி, தெருவுக்குப் போய், சாக்கடையில் கலந்து கடலுக்குப் போகிறது.

சரி, குழியைத் திறப்போம். மூடியை நெம்புவதற்குக் கடப்பாரை வேண்டும். பல ஆண்டு திறக்காத மூடி என்றால் ஓரமெல்லாம் மண் இறுகியிருக்கும். திறந்ததும் முதலில் வருவது மட்கிய இலை வாடை. மேலே வேப்பஞ்சருகு, மாடியிலிருந்து அடித்துக்கொண்டு வந்த தேங்காய் நார், துணி கிளிப், வடாம் காயப்போட்ட பிளாஸ்டிக் தாளின் கிழிசல். இவற்றை அள்ளிப் போட்ட பிறகு மணல் தெரியும் என்று நினைப்போம், தெரியாது. மணலுக்கு மேலே சாம்பல் நிறத்தில் வண்டல் படிந்து, காய்ந்த இடத்தில் அப்பளம் போல வெடித்து நிற்கும். கையால் எடுத்தாலே தகடு தகடாக வரும். ஒரு விரல் கனம் இருந்தால் அதிகம். ஆனால் அந்த ஒரு விரல் கனம் போதும், ஒரு மாடித் தண்ணீர் முழுவதையும் தடுத்து நிறுத்திவிட. மழை பெய்யும்போது குழி நிரம்பி வழிந்து தெருவுக்கு ஓடுகிறது என்றால் மழை அதிகம் என்று பொருளில்லை. அடியில் இந்த வண்டல் அடைத்திருக்கிறது.

வேலை கஷ்டமானதல்ல. வண்டலைச் சுரண்டி எடுக்க வேண்டும். மேல்மணலை அள்ளிவிட்டுப் புது மணல் போட வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் கூழாங்கல்லையும் ஜல்லியையும் வெளியே எடுத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசித் திரும்ப அடுக்க வேண்டும். பிறகு நாலைந்து வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்க்கலாம். மளமளவென்று இறங்கினால் மழைக்குத் தயார். எடுத்த வண்டலை வீசிவிடாதீர்கள். வெயிலில் காயவைத்துத் தொட்டிச் செடிகளுக்கு மண்ணோடு கலந்துகொள்ளலாம்.

பக்கத்து அடுக்குமாடியில் எவ்வளவு சுத்தம் செய்தாலும் தண்ணீர் இறங்கவில்லை என்று ஒரு வயதான பிளம்பரை அழைத்திருந்தார்கள். அவர் ஜல்லியை எல்லாம் வெளியே எடுத்துவிட்டுக் கடப்பாரையால் அடியில் தட்டிப் பார்த்தார். டங்கென்று சத்தம். “இது குழி இல்ல சார், தொட்டி. அடியில சிமெண்டு பூசி வச்சிருக்காங்க. தண்ணி எங்க போவும்?” என்றார். சான்றிதழ் வாங்குவதற்காக அவசரத்தில் கட்டிய குழிகளில் இப்படிச் சில உண்டு. தரையை உடைத்து விட்ட அன்றுதான் அந்தக் கட்டடத்துக்கு மழைநீர் சேகரிப்பு வந்தது.

எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரிக் குழி உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோர மணல் பூமியில் ஆழம் குறைந்த குழியே போதும். தண்ணீர் விழுந்த வேகத்தில் உள்ளே போகும். களிமண் பகுதிகளில் மேல்மண் தண்ணீரை விடாது. அங்கே களிமண்ணைத் தாண்டி மணல் அடுக்கு வரைக்கும் போக வேண்டும், உறை இறக்க வேண்டும். கிண்டிப் பக்கம் பாறை. உறைக்கிணறு நமக்குப் புதிதல்ல, கீழடி அகழாய்விலேயே சுடுமண் உறைகள் கிடைத்திருக்கின்றன. இன்று சிமெண்ட் உறை, அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டில் பழைய திறந்த கிணறு இருந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. வடிகட்டிய மாடித் தண்ணீரை நேரே அதில் விட்டுவிடலாம். கிணற்றைத் தூர்த்து கார் நிறுத்த இடம் பண்ணியவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மண்ணுக்கு அடியில் நன்னீர் எடை குறைந்தது, உப்புநீர் கனமானது. நன்னீர் மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியல் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கிறது: மோட்டார் போட்டு உறிஞ்சி மேலே ஓர் அடி இறக்கினால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறும். மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகளில் உப்பு ஏறிய கதை இதுதான். அதே மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010-இலும், அடுத்து நெம்மேலியில் 2013-இலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. அப்படி ஆயிரம் லிட்டர் எடுக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. மேகம் அந்த வேலையை மின்சாரம் இல்லாமல் செய்து நம் மாடியில் கொண்டுவந்து கொட்டுகிறது.

2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் அந்த ஒரு மாதத்துக்குள் 100 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு வீடுகளுக்குள் வந்தது. நான்கு ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஜூலை 12 அன்று வில்லிவாக்கம் வந்த முதல் ரயிலில் 50 வேகன்கள், 25 லட்சம் லிட்டர். மேலே போட்ட கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். ஒரு தெருவில் ஆயிரம் சதுர அடி மாடி வீடுகள் இருபத்தைந்து இருந்தால், அந்தத் தெரு மட்டும் ஓர் ஆண்டில் மண்ணுக்குள் இறக்கக்கூடிய தண்ணீர் அது. ரயிலை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். அந்தத் தெருவை யாரும் பார்க்கவில்லை.

ஏரிப்பாசன ஊர்களில் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இருந்தது. கோடையில் ஏரி வற்றியதும் ஆயக்கட்டுக்காரர்கள் கூடி வண்டல் அள்ளுவார்கள், வரத்துக்கால்வாயைச் செதுக்குவார்கள், மதகையும் கலங்கலையும் பார்ப்பார்கள். அள்ளிய வண்டல் வயலுக்கு எருவாகப் போகும். உத்திரமேரூர்க் கல்வெட்டில் வருகிற வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆண்டுதோறும் ஆள் மாற்றித் தேர்ந்தெடுத்த குழு. ஏரியைப் பார்த்துக்கொள்வதை ஒரு பதவியாகவே வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சி 1858-இல் சட்டம் போட்டு இந்த உழைப்பைக் கட்டாயமாக்கியது. பிறகு பொதுப்பணித்துறையின் கைக்கு ஏரிகள் போகப் போக ஊர்க்காரர்கள் விலகிக்கொண்டார்கள். 2017-இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே மீண்டும் திட்டம் தொடங்கியது.

இப்போது ஊரை நிரப்பியிருக்கும் அடுக்குமாடிகளில் வாரியம் இல்லாவிட்டாலும் அசோசியேஷன் இருக்கிறது. லிஃப்டுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிறோம், ஜெனரேட்டருக்குப் போடுகிறோம். செப்டம்பர் மாதக் கணக்கில் மழைக்குழிக்கு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இரண்டு ஆள் கூலி, சில மூட்டை மணல். நாலைந்து வீட்டுக்குப் பிரித்தால் ஒரு லாரித் தண்ணீர் விலையைத் தாண்டாது.

இதில் மூன்று விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். மாடிக் குழாயைக் கழிவுநீர்க் குழாயோடு சேர்த்துவிட்ட கட்டடங்கள் நிறைய உண்டு. பெருமழையில் தெரு மேன்ஹோல் பொங்குவதற்கு அது ஒரு காரணம். அதைப் பிரித்தே ஆக வேண்டும். அதேபோல் குளியலறைத் தண்ணீரை மழைக்குழியில் விடவே கூடாது, அது நேரே நாம் குடிக்கும் நிலத்தடி நீரில் போய்ச் சேரும். குளித்த தண்ணீருக்கு நம் பாட்டிமார் கண்ட வழி இருக்கிறது: கொல்லையில் வாழை, சேம்பு, கல்வாழை. இன்னொன்று, ஆழமான உறைக்கிணற்றுக்குள் ஆளை இறக்காதீர்கள். மூடியே கிடந்த கிணற்றில் காற்று இருக்காது. மேலிருந்தபடியே வாளியாலும் மோட்டாராலும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு செய்தால் போதும். ஒரு குழி சுத்தமாவதற்கு ஓர் உயிரைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

வாடகை வீட்டில் இருக்கிறோம், நாங்கள் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: மழைக்கு முன் மாடியைப் பெருக்குங்கள். குழாய் வாயில் அடைத்திருக்கும் சருகை எடுத்துவிட்டு ஒரு கம்பி வலை வையுங்கள். முதல் மழையைப் போகவிட்டு, இரண்டாவது மழையிலிருந்து குழாயடியில் ஒரு டிரம் வைத்துப் பிடியுங்கள். பருப்பு வேகும் வேகத்திலேயே மழைத்தண்ணீரின் மென்மை தெரியும். டிரம்மை மெல்லிய வலைத்துணியால் இறுக்கிக் கட்ட மறக்க வேண்டாம். டெங்கு பரப்பும் கொசுவுக்குச் சுத்தமான தேங்கிய தண்ணீர்தான் பிடிக்கும், முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். பிறகு வீட்டுக்காரரிடம் ஒருமுறை கேளுங்கள்: “அண்ணா, அந்த மழைக்குழி மூடியை இந்த ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்க்கலாமா? நானும் வருகிறேன்.” பெரும்பாலும் மறுக்க மாட்டார். குழி எங்கே இருக்கிறது என்று அவருக்கே மறந்து போயிருக்கலாம், அப்போது மாடிக் குழாய் இறங்குகிற இடத்திலிருந்து தேட ஆரம்பியுங்கள்.

(தொடரும்)