கூட்டாஞ்சோறு ஆக்கலாம், வாங்க!

பிறந்தநாள் என்றால் உடனே கேக், பலூன், மெழுகுவர்த்தி! அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இந்தக் கோடை விடுமுறையில் வேறு மாதிரி ஒரு விருந்து வைத்துப் பாருங்களேன், பிள்ளைகளே! விருந்துக்கு வருகிறவர்களே சமைக்க வேண்டும். சமைத்தவர்களே பரிமாற வேண்டும். சாப்பிட்டவர்களே பாத்திரம் கழுவ வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்க யாருக்கும் இடம் இல்லை.

இது ஒன்றும் புதுசு இல்லை. உங்கள் பாட்டியிடம் 'கூட்டாஞ்சோறு' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். ஒரு வீட்டில் அரிசி, ஒரு வீட்டில் பருப்பு, இன்னொரு வீட்டில் இரண்டு கத்தரிக்காய் என்று வாங்கி வந்து, மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி, தெருப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஆக்கித் தின்றதுதான் கூட்டாஞ்சோறு. அதைவிடச் சின்னதுகள், செப்புச் சாமானில் மண்ணைச் சோறாக்கி, பூவரசு இலையைக் கறியாக்கி விளையாடும். காவிரிக் கரை ஊர்களில் ஆடிப்பதினெட்டு அன்று சித்ரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார்களே, அதுவும் அழகுதான். ஆனால், அது அம்மாக்கள் ஆக்கித் தருவது. இது நீங்களே ஆக்குவது! திருநெல்வேலிப் பக்கத்தில் அரிசி, பருப்பு, காய் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு ஆக்கும் சாதத்துக்கே கூட்டாஞ்சோறு என்றுதான் பெயர். நாம் செய்யப் போவதும் அதைத்தான்.

முதலில் ஒரு மொய் நோட்டு!

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து களைகட்டும். தெருவெல்லாம் பந்தல், கறிச் சோறு வாசனை! வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். அது சும்மா கொடுக்கும் பணம் இல்லை. நாளைக்கு அவர்கள் விருந்து வைக்கும்போது நாம் திருப்பிச் செய்ய வேண்டும். வட்டியில்லாக் கடன் மாதிரி. அதனால் யார் எவ்வளவு செய்தார் என்று நோட்டில் கவனமாக எழுதி வைப்பார்கள்.

நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். ஆனால், நம் நோட்டில் ஒரு மாற்றம். பணம் கிடையாது, பரிசுப் பொருளும் கிடையாது. அரிசி எல்லோருக்கும் ஒரே அளவு: ஆளுக்கு அரை ஆழாக்கு. பத்துப் பேர் என்றால் ஐந்து ஆழாக்கு. எடை போட்டால் கிட்டத்தட்ட 700 கிராம் வரும். அதற்கு மேல் யாரும் கொண்டுவரக் கூடாது, பணக்கார வீட்டுப் பிள்ளையானாலும் சரி!

மற்ற சாமான்களை யார் யாருக்கு எது என்று பிரிக்கும்போதுதான் கொஞ்சம் புத்தி வேண்டும். உங்கள் கூட்டத்தில் யார் வீட்டிலாவது கை இறுக்கமாக இருக்கும். அது உங்களுக்கே தெரியும். அந்தப் பிள்ளையிடம் போய் 'நீ துவரம்பருப்பு கொண்டு வா' என்றால், அது அன்றைக்கு 'வயிற்று வலி' என்று சொல்லிவிட்டு வராமலே இருந்துவிடும். முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நின்ற எனக்கு இந்த வயிற்று வலி நன்றாகத் தெரியும். அதனால் முருங்கைக்கீரை, வாழை இலை, கறிவேப்பிலை, சுள்ளி விறகு இவற்றையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கேட்டால் கிடைக்கிற பொருள்கள், காசு வேண்டாம். கூட்டாஞ்சோற்றுக்கு அவை இல்லாமலும் முடியாது. யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்காதீர்கள், நீங்களே யோசித்துப் பிரியுங்கள். நோட்டில் பெயருக்கு நேராகப் பொருளை மட்டும் எழுதுங்கள், விலையை எழுத வேண்டாம்.

இன்னொன்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிலக்கடலையோ முட்டையோ சாப்பிட்டால் சிலருக்கு உடம்பில் தடித்துவிடும், மூச்சுத் திணறக்கூடச் செய்யும். அப்படி யாராவது இருக்கிறார்களா என்று அவர்கள் அம்மாவிடமே கேட்டுவிடுவது நல்லது.

அடுப்பு எங்கே?

இந்த இடத்தில் விளையாட்டுப் பேச்சு இல்லை, கவனமாகப் படியுங்கள். கீற்றுப் பந்தலுக்குக் கீழேயோ, வைக்கோல் போருக்குப் பக்கத்திலோ அடுப்பு மூட்டவே கூடாது. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பற்றிய தீ, கீற்றுக் கூரைக்குப் பரவி, 94 குழந்தைகளைப் பறித்துக்கொண்டது. சில நிமிடத் தீ! அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றினார்கள்.

ஆகவே, மேலே எதுவும் இல்லாத வெட்டவெளியில், காற்று குறைவாக இருக்கும் காலை வேளையில் மூன்று செங்கல் வைத்து அடுப்புக் கூட்டுங்கள். பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர் இருக்கட்டும். அடுப்பைச் சுற்றி நான்கு அடி தள்ளி ஒரு சுண்ணாம்புக் கோடு போடுங்கள். கோட்டுக்கு உள்ளே பெரியவர்கள் மட்டும்தான். தீ மூட்டுவது, பானை இறக்குவது, தாளிப்பது மூன்றும் அவர்கள் வேலை. மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் அந்தப் பக்கமே வரக் கூடாது. நைலான் பாவாடை, தொங்கும் துப்பட்டா வேண்டாம், பருத்தி உடுப்புப் போடுங்கள். நீள முடி இருந்தால் பின்னிக் கட்டிக்கொள்ளுங்கள்.

சுள்ளி பொறுக்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அரளிக் குச்சி மட்டும் வேண்டவே வேண்டாம்! அந்தச் செடி முழுவதும் விஷம். அதன் புகையும் கெடுதல்.

யாருக்காவது கையில் சூடு பட்டுவிட்டால் மாவு, பற்பசை, மை எதையும் தடவாதீர்கள். ஐஸும் வேண்டாம். பச்சைத் தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்றுங்கள். கொப்புளம் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

முற்றம் இல்லாத வீடு, மாடி வீடு என்கிறீர்களா? கவலை வேண்டாம். அம்மா சமையலறையில் கேஸ் அடுப்பில் ஆக்கட்டும், மற்ற வேலை எல்லாம் கூடத்தில் உங்களுடையது. அடுப்பே வேண்டாம் என்றால் வெல்லமும் தேங்காயும் போட்டுப் பிசைந்த அவல், ஊறவைத்த பாசிப்பருப்பும் வெள்ளரிக்காயும் கலந்த கோசுமல்லி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்ட பானகம்... இதுவே நல்ல விருந்துதான்.

பானையில் என்ன?

கூட்டாஞ்சோற்றை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இதில் கஞ்சி வடிக்கும் வேலை கிடையாது. கொதிக்கும் பானையைச் சாய்க்கிற நேரம்தான் ஆபத்தான நேரம்.

அரிசி ஐந்து ஆழாக்கு, துவரம்பருப்பு ஒரு ஆழாக்கு. ஆக ஆறு. தண்ணீர் அதற்கு மூன்று பங்கு, பதினெட்டு ஆழாக்கு. அதிலிருந்து ஒரு ஆழாக்கை எடுத்து எலுமிச்சை அளவு புளியை ஊறப் போடுங்கள். மீதித் தண்ணீர் கொதித்ததும் பருப்பு, மஞ்சள்தூள், மேல்தோல் உரித்த பலாக்கொட்டை மூன்றும் உள்ளே போகட்டும். இது பலா சீசன் அல்லவா! கீரமங்கலம், வடகாட்டுப் பலாவுக்கு அத்தனை பேர் உண்டு. 2018 நவம்பர் 16இல் வந்த கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னையோடு எத்தனையோ பலா மரங்களையும் சாய்த்துவிட்டது. தப்பிய மரமும் புதிதாக வைத்த கன்றும் காய்க்கின்றன. சுளையைச் சாப்பாட்டுக்குப் பிறகு தின்னலாம், கொட்டையை வீணாக்க வேண்டாம். பழம் அறுக்கிறவர் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பால் ஒட்டிக்கொண்டு படாதபாடு!

பருப்பு பாதி வெந்ததும் கழுவிய அரிசி, வாழைக்காய், அவரைக்காய், முருங்கைக்காய். பத்து நிமிடம் கழித்துக் கத்தரிக்காய். சோற்றுப் பருக்கையை நசுக்கிப் பார்த்து, வெந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் புளிக்கரைசலும் உப்பும். ஏன் முதலிலேயே புளியை ஊற்றக் கூடாது? புளிப்பு சேர்ந்தால் பருப்பும் காயும் சீக்கிரம் குழையாது. சந்தேகம் இருந்தால், இரண்டு கிண்ணத்தில் நாலு துண்டு உருளைக்கிழங்கை, ஒன்றில் புளித்தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர் ஊற்றி அம்மாவை வேகவைக்கச் சொல்லிப் பாருங்கள். இது அறிவியல் பாடம்தான், ஆனால் தின்று பார்க்கலாம்!

கடைசியாக அரைத்த விழுது: அரை மூடித் தேங்காய், இரண்டு தேக்கரண்டி சீரகம், நான்கு காய்ந்த மிளகாய், பத்துச் சின்ன வெங்காயம். அம்மியில் அரைத்தால் வாசனையே தனி. ஒரு கொதி வந்ததும் இரண்டு கை முருங்கைக்கீரையைத் தூவிக் கிளறி, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் ஆயிற்று. அடுப்பு மூட்டியதிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் சேர்ந்த சோறு வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும், ஆக்கிய சூட்டோடு சாப்பிட வேண்டும்.

யாருக்கு என்ன வேலை?

ஐந்து, ஆறு வயதுக் குட்டிகள் கீரை உருவட்டும். சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டுக் கொடுத்தால் கண் எரியாமல் உரிப்பார்கள். ஏழு, எட்டு வயதுக்காரர்கள் அவரைக்காய் ஒடிக்கலாம், அரிசி களையலாம். கத்தி பத்து வயதுக்கு மேல்தான், அதுவும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால். அரிவாள்மனை வேண்டாம்.

அந்தக் காலக் கூட்டாஞ்சோற்றில் பெண் பிள்ளைகள் ஆக்குவார்கள். பையன்கள் மாங்காய் அடிக்கப் போய்விட்டு, சோறு இறக்கியதும் இலையோடு வந்து உட்காருவார்கள்! அது இப்போது செல்லாது. பாத்திரம் கழுவுவதற்கு மட்டும் சீட்டுக் குலுக்குங்கள். யார் பெயர் வந்தாலும் தேங்காய் நாரைக் கையில் எடுக்க வேண்டியதுதான்.

பானை கொதிக்கும் நேரத்தில் ஒரு விளையாட்டு. கண்ணைக் கட்டி, சீரகம், மல்லி, வெந்தயம், ஏலக்காய், சுக்கு ஒவ்வொன்றாக மூக்கருகில் காட்டுங்கள். சீரகத்துக்கும் சோம்புக்கும் வித்தியாசம் சொல்கிறவருக்கு முதல் பலாச்சுளை!

ஒரே பந்தி

சாப்பிடும்போது ஒரே வரிசை, ஒரே நேரம். இது சின்ன விஷயம் இல்லை, பிள்ளைகளே. 1922இல் வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நடத்தினார். நாட்டுக்காக உழைக்கும் பிள்ளைகளை உருவாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால், அங்கே சாதி காரணமாகச் சில மாணவர்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். நாடே கொதித்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள், 1925இல் பேச்சு காந்தியடிகள் வரை போனது. ஒரு பந்தியில் இலையைத் தள்ளிப் போட்டதற்குத்தான் அவ்வளவும்! இன்றைக்குப் பள்ளியில் காலை உணவும் சத்துணவும் வரிசையாக உட்கார்ந்து ஒன்றாகத்தானே சாப்பிடுகிறீர்கள். வீட்டில் விருந்து வைக்கும்போது மட்டும் 'அந்தத் தெருப் பிள்ளை வேண்டாம்' என்று யாராவது பெரியவர் சொன்னால், கூப்பிடவேண்டியவர்கள் பட்டியலை நீங்களே எழுதி அவரிடம் நீட்டுங்கள். அவர் யோசிக்கட்டும்.

சாப்பிட்டு முடித்ததும் எச்சில் இலையை மாட்டுக்குப் போடலாம், பிளாஸ்டிக் கவர் எதுவும் அதோடு போய்விடாமல் பாருங்கள். அடுப்புக் கங்கின் மேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகாதீர்கள். உள்ளே நெருப்பு மணிக்கணக்கில் இருக்கும், மறுபடி விளையாட ஓடி வருகிற பிள்ளை காலை வைத்துவிடும். பெரியவர் ஒருவர் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றட்டும். புகை முற்றிலும் நின்றதும் மொய் நோட்டைத் திறந்து, அடுத்த கூட்டாஞ்சோறு யார் வீட்டு முற்றத்தில், என்றைக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்.