தொட்டிக்குத் தண்ணீர் யார் விடுவது?

மே மாதம் ஊருக்குக் கிளம்பும் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் இரண்டு கவலைகள். ரயில் டிக்கெட் உறுதியாகுமா? தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் யார் விடுவது? முதல் கவலைக்கு ரயில்வே பொறுப்பு, இரண்டாவதற்குப் பக்கத்து வீட்டு அக்கா பொறுப்பு. "ரோஜாவுக்குத் தினம் ஒரு சொம்பு விடுங்கக்கா, கத்தாழைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனால் போதும். கோடை மழை பெய்த அன்று அவர் சொம்பைத் தொடமாட்டார். இலை துவண்டிருந்தால் சாயங்காலம் இன்னொரு சொம்பு விடுவார். தொட்டியின் அடித்துளை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் ஈர்க்குச்சியால் குத்திவிடுவார். இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அக்கா இல்லாத வீடுகளுக்கும் வழி இருந்தது. அக்னி நட்சத்திரத்தில் சிவலிங்கத்தின் மேல் தாராபாத்திரம் கட்டித் தொங்கவிடும் ஊரில் சொட்டுநீர் ஒன்றும் புதுமை இல்லை. ஒரு வாளித் தண்ணீரில் பழைய வேட்டிக் கிழிசலின் ஒரு முனையைப் போட்டு, மறுமுனையைத் தொட்டி மண்ணில் புதைத்து வைப்பார்கள். நூலிழைகளின் வழியே தண்ணீர் ஊறி மண்ணுக்கு வரும். மண் காய்ந்திருந்தால் அதிகமாக இழுக்கும், ஈரமாக இருந்தால் மெதுவாக இழுக்கும். மின்சாரமே இல்லாமல், மண்ணின் நிலையை அறிந்து நடந்துகொண்ட தானியங்கி அது.

பிறகு டைமர் வந்தது. இஸ்ரேலின் ஹட்செரிம் கிப்புட்ஸில் 1965-இல் தொடங்கப்பட்ட நெட்டாஃபிம் நிறுவனம் சொட்டுநீர்ப் பாசனத்தை வணிகமாக்கியது. வயலுக்கென்று வந்த குழாயும் டிரிப்பரும் நாளடைவில் மாடிக்கும் ஏறின. குழாயில் மாட்டிய டைமர் காலை ஆறு மணிக்குத் திறந்து, பத்து நிமிடத்தில் மூடும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பரிலும் அதே ஆறு மணிக்குத் திறக்கும். வேட்டிக் கிழிசலுக்குத் தெரிந்திருந்த விஷயம் டைமருக்குத் தெரியவில்லை. தொட்டிச் செடிகள் காய்ந்து சாவதைவிட வேர் அழுகிச் சாவதுதான் அதிகம் என்று நர்சரிக்காரர்கள் சொல்வதுண்டு. அப்படிப் பார்த்தால் டைமர் செய்தது உதவியா என்பதே சந்தேகம்.

செடியை இணையத்தில் இணைக்கும் யோசனை, நாம் நினைப்பதைவிடப் பழையது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைக்கத் தொடங்கிய 1995-ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கென் கோல்ட்பெர்க்கும் குழுவினரும் 'டெலிகார்டன்' என்ற சிறு தோட்டத்தை அமைத்தார்கள். உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் கணினி வழியே ரோபோக் கையை இயக்கி விதை ஊன்றலாம், தண்ணீர் ஊற்றலாம். அடுத்த ஆண்டே ஆஸ்திரியாவின் லின்ஸ் நகருக்கு இடம்பெயர்ந்து 2004 வரை அந்தத் தோட்டம் இயங்கியது. 2006-இல் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய 'பொட்டானிகால்ஸ்' இன்னொரு வழியில் போனது. அங்கே தாகம் எடுத்த செடி, வளர்ப்பவருக்குத் தொலைபேசியில் அழைப்பு விடுத்தது. முதலாவதில் முடிவெடுத்தவர் தூரத்து மனிதர். இரண்டாவதில் செடி முறையிட்டது, மனிதர் ஊற்றினார். இன்றைய வீட்டு அமைப்பு இந்த இரண்டையும் சேர்த்து, நடுவிலிருந்த மனிதரை விலக்கிவிட்டது.

அதற்கான சாமான்கள் இப்போது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் கிடைக்கும். ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014-இல் ஈஎஸ்பி8266 என்ற வைஃபை சிப்பை மலிவு விலையில் விற்கத் தொடங்கியதுதான் திருப்பம். அந்த வகை போர்டு ஒன்று, மண் ஈர சென்சார், ஒரு ரிலே, மீன்தொட்டியில் போடுவது போன்ற சின்ன மோட்டார், கொஞ்சம் பிளாஸ்டிக் டியூப். இவை போதும். போர்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள எம்க்யூடிடி என்ற முறை. பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் வடிவமைத்தது அது. சிக்கனமாகப் பேசவேண்டிய இடத்துக்காகப் பிறந்த முறை, இன்று பால்கனி மணிப்ளாண்டுக்கும் பொருந்தியிருக்கிறது.

சென்சாரைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். முதலில் வந்தவை இரண்டு கம்பிகள் கொண்டவை. கம்பிகளுக்கு நடுவே மின்னோட்டம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்து ஈரத்தைச் சொல்லும். ஈர மண்ணில் மின்சாரம் பாயப் பாயக் கம்பி அரித்துப்போகும். இப்போது பரவலாக இருப்பவை கெப்பாசிட்டிவ் வகை. உலோகம் மண்ணைத் தொடாமல், மேற்பூச்சுக்குள் இருந்தபடியே மண்ணின் மின்காப்பு எண்ணை அளக்கும். தண்ணீருக்கு அந்த எண் ஏறத்தாழ 80, உலர்ந்த மண்ணுக்கு ஐந்துக்கும் கீழே. இந்தப் பெரிய வித்தியாசத்தால்தான் சிறு ஈரமும் பிடிபடுகிறது.

ஆனால் சென்சார் 'ஈரம்' என்றோ 'காய்ச்சல்' என்றோ சொல்வதில்லை. ஈஎஸ்பி8266-க்கு அடுத்து வந்த ஈஎஸ்பி32 போர்டில் பூஜ்யத்திலிருந்து 4095 வரை ஏதோ ஓர் எண் வரும், அவ்வளவுதான். சென்சாரைக் காற்றில் பிடித்து ஓர் எண்ணையும், தண்ணீர் டம்ளரில் முக்கி இன்னோர் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவே எது தாகம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அதுவும் தொட்டிக்குத் தொட்டி மாறும். செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்த பழைய தொட்டி ஒரு மாதிரி. மாடித்தோட்டம் பரவியபின் எல்லா வீட்டிலும் நுழைந்த தென்னைநார்க் கழிவு வேறு மாதிரி. அது மேலே வறண்டு தெரியும், உள்ளே பிழிந்தால் தண்ணீர் சொட்டும். ஒன்றுக்குக் குறித்த எண்ணை மற்றொன்றுக்குப் போட்டால் செடி போய்விடும்.

இதற்குப் பிறகு வருவதுதான் வடிவமைப்பின் உண்மையான வேலை. பக்கத்து வீட்டு அக்கா சொல்லாமலே செய்ததையெல்லாம் இங்கே ஒவ்வொன்றாக எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

விட்ட தண்ணீர் மண்ணில் பரவ நேரமாகும். அதனால் கொஞ்சம் விடு, பொறு, மறுபடி அள என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சென்சாரை ஈரம் எட்டுவதற்குள் தொட்டி நிரம்பி வழியும். பூனை தட்டிச் சென்சார் வெளியே விழுந்தால் அது காற்றை அளந்து 'வறட்சி' என்று கத்தும், மோட்டாரும் சளைக்காமல் ஓடும். கீழ்வீட்டுக்காரர் படியேறி வருவார். ஆகவே ஒரு நாளைக்கு இவ்வளவு விநாடிக்கு மேல் ஓடாதே என்ற உச்சவரம்பு தேவை. வாளி காலியானால் மோட்டார் வெறுமனே சுற்றிக் கருகும், அதற்கு ஒரு மிதவை சுவிட்ச். வாளி தொட்டியைவிட உயரத்தில் இருந்தால், மோட்டார் நின்ற பிறகும் டியூப் வழியே தண்ணீர் தானாக வடிந்துகொண்டே இருக்கும். வாளியைத் தாழ்வாக வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. மின்சாரம் போய்த் திரும்பும்போது சில ரிலேக்கள் ஒரு கணம் தாமாகவே 'டிக்' என்று இயங்கும். போர்டு விழித்ததும் முதல் வேலையாக மோட்டாரை அணை என்று எழுதி வைப்பது நல்லது.

வைஃபை போனாலும் தண்ணீர் விடும் முடிவு வீட்டுக்குள்ளேயே எடுக்கப்பட வேண்டும். எங்கோ ஒரு நிறுவனத்தின் சர்வரைக் கேட்டுத்தான் மோட்டார் ஓடும் என்றால், அந்த நிறுவனம் கடையைக் கட்டிய மறுநாள் கருவி வெறும் பிளாஸ்டிக். 2013-இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் போன்ற திறந்த மென்பொருளை வீட்டிலேயே ஒரு சிறு கணினியில் ஓட்டுவோர் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு எழுதிக் கொடுத்தும் சில விடுபடும். தண்ணீர் ஊற்ற வந்த அக்கா இலையைத் திருப்பிப் பார்த்து, மாவுப்பூச்சி தெரிந்தால் விரலாலேயே துடைத்துவிடுவார். மண்ணுக்குள் நிற்கும் சென்சாருக்கு இலையில் நடப்பது தெரியாது. பத்து நாள் பயணத்துக்குத் தாங்கும் அமைப்பு இரண்டு மாதத்துக்குத் தாங்காமல் போவது தண்ணீரால் மட்டும் அல்ல, பூச்சியாலும் இருக்கலாம்.

மறுபுறம், அக்காவுக்குத் தெரியாத ஒன்றைச் சென்சார் காட்டுகிறது. ஈரத்தின் வரைபடம் பகலில் சரியும், இரவில் ஏறக்குறைய சமமாக நிற்கும். மே மாதத்தில் அந்தச் சரிவு செங்குத்தாகும். அதே தொட்டி, அதே வெயில், ஆனால் சரிவு முன்னைவிட வேகம் என்றால், வேர் தொட்டியை நிறைத்துவிட்டதா, பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டுமா என்று பார்க்க வேண்டிய நேரம்.

புதிதாகச் செய்ய நினைப்பவர்கள் மோட்டாரைக் கடைசியில் வாங்குவது நல்லது. முதலில் சென்சாரை மட்டும் நட்டுவிட்டு, வழக்கம்போலக் கையால் தண்ணீர் விட்டுக்கொண்டே வரைபடத்தைக் கவனியுங்கள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து 'இன்று விடலாம்' என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் திரையில் என்ன எண் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். குறிப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரத் தொடங்கினால் அந்தத் தொட்டிக்கான எண் கிடைத்துவிட்டது, மோட்டாரை இணைக்கலாம். ஒத்துவராவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் கையாலேயே ஊற்றுங்கள்.