வேலை நிச்சயம்; பாட்டுக்குத்தான் சிறை!

பள்ளி முடித்தால் தொழிற்பயிற்சி. பயிற்சி முடிந்தால் தொழிற்சாலையில் வேலை. வாடகை சொற்பம், ரொட்டி விலை ஏறாது. ஊர்விட்டு ஊர் வந்து, மனுப் போட்டு மனுப் போட்டு அலைந்தவர்களுக்கு இது சொர்க்கம் போலத் தோன்றும். 1980-களில் கிழக்கு ஜெர்மனியில் அந்தச் சொர்க்கம் வேண்டாம் என்று சில சிறுவர் சிறுமியர் கிளம்பினார்கள்!

வயது பதினாறு, பதினேழு. முள் முள்ளாக நிறுத்திய தலைமுடி. கிழிந்த சட்டையில் ஊக்கு. 'பங்க்' என்னும் இந்தக் கோலம் லண்டனில் பிரபலமானது. அங்கே இளைஞர்களுக்கு வேலையும் இல்லை, எதிர்காலமும் இல்லை என்ற கோபம். கிழக்கு ஜெர்மனியிலோ எதிர்காலம் அளவுக்கு மீறி இருந்தது. முப்பது வருடம் கழித்து எந்த மிஷின் முன்னால் நிற்போம் என்பது இப்போதே தெரிந்துவிட்டால், பதினாறு வயதுக்கு என்ன ருசி?

பெர்லின் சுவர் ஆட்களைத் தடுத்தது. ரேடியோ அலைகளைத் தடுக்கவில்லை. மேற்கு பெர்லின் வானொலியைக் கேட்டே பாட்டுக் கற்றார்கள்.

மேடை ஏற லைசென்ஸ்

ஆனால் எங்கே பாடுவது? கிழக்கு ஜெர்மனியில் மேடை ஏற அரசாங்க லைசென்ஸ் வேண்டும். அதிகாரிகள் முன்னிலையில் வாசித்துக் காட்ட வேண்டும். 100 பாட்டில் 60 பாட்டு சோஷலிஸ்டு நாடுகளுடையதாக இருக்க வேண்டும் என்பது 1958-ல் வந்த உத்தரவு. ஊக்கு குத்திய பிள்ளைகளுக்கு லைசென்ஸ் யார் தருவார்?

சர்ச்சுகள் இடம் கொடுத்தன. 1978-ல் ஏற்பட்ட சமரசத்தால், சர்ச்சுக்குள் நடப்பதில் அரசு சட்டென்று கை வைப்பதில்லை. 1983 ஏப்ரல் 30-ந் தேதி ஹாலே நகரில் ஒரு சர்ச்சில் பங்க் விழாவே நடந்தது. கடவுள் நம்பிக்கை இல்லாத பையன்களுக்குக் கதவு திறந்த பாதிரிமார்களின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

ரகசிய போலீஸ் மந்திரி எரிக் மீல்கேக்கு இது பொறுக்கவில்லை. 1983-ல் கடும் நடவடிக்கைக்கு உத்தரவிட்டார். 'நாமன்லோஸ்', அதாவது 'பெயரிலி' என்ற குழுவினர் அந்த ஆகஸ்டில் கைதானார்கள். அரசை இழிவுபடுத்திப் பாடினார்களாம்! ஒன்றரை ஆண்டு வரை சிறை. மற்ற ஊர்களில் சிலர் கட்டாய ராணுவ சேவைக்குப் போனார்கள். சிலர் மேற்கே அனுப்பப்பட்டார்கள்.

1989-ல் சுவர் விழுந்தது. 1992-ல் ரகசிய போலீஸ் கோப்புகள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. ஒரே மேடையில் கூட நின்று வாசித்த சிநேகிதர்களில் சிலரே உளவு சொன்னவர்கள் என்பது, அந்தக் காகிதங்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.