எனக்கும் அப்படித்தான் இருந்தது

ஜூன் மாதம் பிறந்துவிட்டால், தூத்துக்குடி ரயில் நிலையத்தில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் புறப்படுவதற்கு நெடுநேரம் முன்னரே, சென்னைக் கல்லூரி விடுதிகளுக்குச் செல்லும் பெண்பிள்ளைகளும் அவர்களை வழியனுப்ப வந்த குடும்பத்தாரும் நடைமேடையை நிறைத்து நிற்பதைக் காணலாம். உடன்குடிக் கருப்பட்டி, மக்ரூன் டப்பா, வறுத்த நெத்திலிக் கருவாடு, புதுப் போர்வை, வாளி, பூட்டு என்று ஒன்றும் விடாமல் ஏற்றிவிடுகிறார்கள். ஆயினும், மாதந்தோறும் உதிரப்போக்கு மிகுந்து ஏழெட்டு நாள் துவண்டுபோகும் மகள், தாய் அருகில் இல்லாத ஊரில் அந்த நாட்களை எப்படிக் கழிக்கப்போகிறாள் என்னும் விஷயம் மட்டும், சங்கோசத்தினாலோ, தந்தையும் தமையனும் பக்கத்தில் நிற்பதாலோ, பேசப்படாமலே வண்டி நகர்ந்துவிடுகிறது.

பேசும் வீடுகளிலும் பேச்சு பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிந்துபோகும்: “பயப்படாதட்டி, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ஒரு பிள்ளை பெத்தா எல்லாம் சரியாயிரும்.” அன்பின் மிகுதியால் சொல்லப்படும் இவ்வார்த்தையைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால், விஷயமறிந்த வைத்தியர் ஒருவர் காதில் இது விழுமாயின், அவர் இதை ஆறுதலாகக் கொள்ளமாட்டார். தாயைப் பார்த்து, பல் பிடுங்கியபோது இரத்தம் எளிதில் நின்றதா, பிரசவத்தில் மிகுதியாகப் போயிற்றா, பாட்டிக்கும் இவ்வாறு உண்டா, பிள்ளைக்கு அடிக்கடி மூக்கில் இரத்தம் வடிகிறதா என்று அடுத்தடுத்துக் கேட்பார். தாய்க்கும் இருந்தது என்பது, மகளுக்கு இருப்பது நோயன்று என்பதற்கு அத்தாட்சியாகாது; நோய் வழிவழியாக வருகிறது என்பதற்கே அது அடையாளமாக இருக்கலாம்.

பால்டிக் கடலில் பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் இடையே கிடக்கும் தீவுக்கூட்டம் ஒன்றிலிருந்து, 1924ஆம் ஆண்டில், காயம்பட்டால் இரத்தம் நில்லாத ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி எரிக் வான் வில்லிபிராண்ட் என்னும் மருத்துவரிடம் கொண்டுவரப்பட்டாள். அக்குடும்பத்தின் தலைமுறைகளை ஆராய்ந்த அவர், ஆண்களை மட்டுமே பெரிதும் வருத்துவதாக அதுவரை அறியப்பட்டிருந்த இரத்தக்கசிவு நோயினின்று வேறானதும், பெண்களையும் விடாததுமான ஒரு நோய் உண்டு என்பதைக் கண்டு 1926இல் எழுதி வெளியிட்டார். மூக்கிலும் உதட்டிலும் நேர்ந்த எத்தனையோ இரத்தப்போக்குகளுக்குத் தப்பிப் பிழைத்த அந்தப் பெண், 13ஆம் வயதில், தன் நான்காவது மாதவிலக்கில் உதிரம் நில்லாமல் உயிர் நீத்தாள். இன்று அந்நோய் அம்மருத்துவரின் பெயரால் வழங்குகிறது. பரம்பரையாக வரும் இரத்த உறைவுக் குறைகளில் இதுவே மிகப் பரவலானது. உரிய ஔஷதமும் இப்போது உண்டு.

பெரும்பாலான பெண்களுக்குக் காரணம் இத்தனை கடுமையானதன்று என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். ருதுவான முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் சூல்முட்டை மாதந்தோறும் ஒழுங்காக வெளிப்படாததால் கருப்பையின் உட்சவ்வு தடித்துப்போய், ஒருமுறை தள்ளிப்போய் மறுமுறை கொட்டித் தீர்ப்பது சாதாரணம். தைராய்டு கோளாறும் சிலருக்குக் காரணமாகும். எதுவாயினும் அளந்து பார்த்தாலன்றித் தெரியாது. ஒரு மாதவிலக்கில் 80 மில்லிலிட்டருக்கு மேற்பட்டால் மிகுதி என்பது மருத்துவக் கணக்கு. வீட்டில் அதை அளப்பவர் யார்? ஆதலால் எளிய அளவைகளைக் கொள்ளவேண்டும்: ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, ஒன்றிரண்டு மணி நேரத்தில் நாப்கின் முழுவதும் நனைவது, ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுவது, இரவில் எழுந்து மாற்றவேண்டியிருப்பது. மூன்று மாதம் இவற்றை ஒரு நாட்காட்டியில் பெண் தானே குறித்துவந்தால், அந்தத் தாளே வைத்தியரிடம் பாதிப் பேச்சைப் பேசிவிடும்.

தமிழக அரசு 2012இல் தொடங்கிய புதுயுகம் திட்டம், வளரிளம் பெண்களுக்கு நாப்கினை விலையின்றி வழங்கியது. அரசாங்கமே வாய் திறந்து இவ்விஷயத்தைப் பேசியது என்ற அளவில் அது மகத்தான காரியம். ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஆண்டுக்கு 18 பொட்டலம், பொட்டலத்துக்கு 6, ஆக 108; மாதத்துக்கு 9 ஆகிறது. இரண்டு மணிக்கொருமுறை மாற்றவேண்டிய பெண்ணுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் கழிவதற்குள் அந்த ஒன்பதும் தீர்ந்துவிடும். சராசரிப் பெண்ணுக்காக வகுத்த அளவு அது. இவளோ சராசரிக்கு அப்பால் நிற்பவள். ஆகவே இவளுடைய பையை இவளுக்கென்றே நிரப்பவேண்டும்.

அந்தப் பை தோளில் மாட்டும் துணிப்பையாக இருக்கட்டும். ரயில் கழிவறையின் ஈரத்தரையில் எதையும் வைக்க முடியாது, கொக்கியும் பல சமயம் இராது, கழுத்தில் மாலைபோல் தொங்கவிட்டுக்கொண்டால்தான் இரு கைகளும் ஓய்வாக இருக்கும். உள்ளே நீளமான இரவு நாப்கின்கள், கருநிற உள்ளாடை இரண்டு, மாற்றுச் சுடிதார், நனைந்த துணியை மடித்து வைக்க ஒரு பிளாஸ்டிக் கவர், பயன்படுத்தியதைச் சுற்றிக் குப்பைக்கூடையில் போடப் பழைய செய்தித்தாள், சோப்புத் துண்டு. படுக்கையின்மேல் விரிக்கக் கருநீலத் துண்டு ஒன்றிருந்தால், கறை பட்டுவிடுமோ என்று இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். மதுரையில் கூட்டம் ஏறுவதற்கு முன் ஒருமுறை மாற்றிக்கொண்டு, நடுநிசிக்குமேல் ஒருமுறை எழும்படி செல்போனில் மணி வைத்துக்கொண்டால் பிரயாணம் ஒருவாறு இலகுவாகும்.

மருந்து விஷயத்திலும் புறப்படும் முன்பே வைத்தியரைக் கண்டு, எதை எந்த நாளில் எத்தனை என்று எழுதி வாங்கிவிட வேண்டும். வலிக்குத் தரும் மெஃபனமிக் அமிலம் உதிரப்போக்கையும் ஓரளவு குறைக்கும். ஆஸ்பிரின் அதிகமாக்கும், ஆதலால் ஆகாது. டிரானெக்ஸாமிக் அமிலம் என்னும் மாத்திரை, உதிரம் மிகும் நாட்களில் மட்டும் வைத்தியர் சொற்படி உட்கொள்ளவேண்டியது. பிரசவத்தில் இரத்தம் பெருகி இறக்கும் தாய்மார்களைக் காக்கவேண்டும் என்ற எண்ணத்தால் ஆராயத் தொடங்கிய உட்டாகோ ஒகாமோட்டோ என்னும் ஜப்பானியப் பெண்மணியும் அவர் கணவரும் 1962இல் அதை உலகுக்கு அறிவித்தனர். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், மகளை முதுகில் கட்டிக்கொண்டே அப்பெண்மணி ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார் என்பதை எண்ணும்போது என் நெஞ்சம் நெகிழ்கிறது.

இழந்த இரும்புச்சத்தை மீட்பது தனிக் காரியம். நம் பக்கத்தில் ருதுவான பெண்ணுக்கு நல்லெண்ணெய் மிதக்க உளுந்தங்களி கிண்டித் தருவது அருமையான வழக்கந்தான். ஆனால் மாதந்தோறும் மிகுதியாக இழக்கும் சரீரத்துக்குக் களியும் கருப்பட்டியும் மட்டும் போதமாட்டா. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல மாத்திரையை வயிற்றைப் பிரட்டுகிறதென்று ஜன்னல் வழியே எறியாமல் உணவுக்குப்பின் விழுங்கவேண்டும். அதனுடன் எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ நன்று, காப்பியும் தேநீரும் கூடா. வைத்தியர் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் சோதிக்கச் சொன்னால் அலட்சியம் செய்யலாகாது; முன்னது சரியாக இருக்கும்போதே, உடலில் சேமித்த இரும்பு தீர்ந்துபோயிருப்பது உண்டு.

விடுதிக் காப்பாளரிடம் தாயே நேரில் சொல்லிவிடுவது உத்தமம். 2025 ஏப்ரலில், கோவை மாவட்டத்துக் கிணத்துக்கடவுப் பக்கம் பள்ளி ஒன்றில், ருதுவான எட்டாம் வகுப்புச் சிறுமியை வகுப்பறைக்கு வெளியே படியில் உட்கார்த்தித் தேர்வெழுத வைத்த செய்தியைப் படித்து நாம் தலைகுனிந்தோம். அத்தகைய மனம் இன்னும் பல இடங்களில் உண்டு. அதை நம் பிள்ளை தனியே எதிர்கொள்ளும்படி விடலாகாது. மணிக்கொரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரத்துக்குமேல் நனைந்தாலோ, தலைசுற்றி மயங்கினாலோ, படபடப்பும் மூச்சிரைப்பும் கண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழைக்கவேண்டும் என்பதை அறைத்தோழியும் காப்பாளரும் அறிந்திருக்க வேண்டும்.

தூத்துக்குடியின் உப்பளங்களில் விடியுமுன்னே இறங்கி, ஒதுங்கக் கழிவறையின்றி, அதன்பொருட்டே தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டு வெயிலில் உப்பு வாரும் தாய்மார்களை நினைக்கிறேன். அவர்களுள் எத்தனை பேர் தங்கள் உதிரத்தைத் துணியால் அடைத்துக்கொண்டு, இது பெண்ணாய்ப் பிறந்ததன் விதி என்று நாற்பது வயதுவரை நடந்திருப்பார்கள்! அவர்களுடைய பெண்கள்தாம் இன்று குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி விடுதிக்குப் பெட்டி தூக்குகிறார்கள். மகளைச் சோதனைக்காகத் தூத்துக்குடி அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாளில், “எனக்கும் இப்படித்தான், டாக்டரம்மா” என்று தாய் வாய்விட்டுச் சொல்லட்டும். மகளோடு தன் கையையும் நீட்டி, தனக்கும் ஓர் இரத்தப் பரிசோதனைச் சீட்டு எழுதித்தரும்படி கேட்கட்டும்.