காப்பியின் விலையும் தரமும்

மும்பையில் நம்மவர்க்குக் காப்பி என்றதும் மாதுங்காதான் நினைவுக்கு வரும். அங்கே கபே மெட்ராஸ் 1940ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. அண்மையில் நகரெங்கும் தோன்றியுள்ள புதுவகைக் கடைகளிலோ, ஒரு கோப்பைக்கு 300 ரூபாய்கூடக் கேட்கிறார்கள். வீட்டு இளைஞர் அங்கே செல்வதைக் கண்டு பெரியவர்கள் முகம் சுளிக்கின்றனர். அவ்விலை தகுமா?

தரம் இல்லையென்று சொல்வதற்கில்லை. முன்னாளில் தோட்டக்காரர்கள் தம் விளைச்சலைக் காப்பி வாரியத்திடமே ஒப்படைக்க வேண்டியிருந்தது. எந்தத் தோட்டத்துக் கொட்டை என்பது பொதுக் குவியலில் மறைந்துபோயிற்று. 1996இல் அக்கட்டுப்பாடு முற்றும் நீங்கியது. தோட்டத்தின் பெயரோடு விற்க வழி பிறந்தது. சுவைத்து மதிப்பிடுவோர் நூற்றுக்கு 80 புள்ளியேனும் அளித்தாலே அது சிறப்புக் காப்பி எனப்படும்.

எனினும் கணக்கைப் பாருங்கள். கோப்பைக்கு 16 கிராம் பொடி. கிலோ 2,000 ரூபாய் எனக் கொண்டாலும் 32 ரூபாய்தான். எஞ்சியதில் பெரும்பகுதி வாடகை, இயந்திரம், ஆட்கூலி ஆகியவற்றுக்குப் போகிறது. அமர்ந்து பேச இடம் வேண்டுவோர் அதைக் கொடுக்கலாம். சுவை மட்டும் நாடுவோர் கொட்டையாக வாங்கி, அவ்வப்போது அரைத்து, வீட்டு பில்டரிலேயே இறக்கிக்கொள்ளலாம். சிக்கரி மட்டும் கூடாது. கொடுத்த விலை அதன் கசப்பில் அமிழ்ந்துவிடும். இதற்கு என் இல்லத்தில் இன்னும் இசைவு கிடைக்கவில்லை.